ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு 6 லட்சம்: ஸ்மார்ட் போர்டா, லேபா, வேற ஏதாவதா?

சிங்கைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிகிட்ட சாக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில படிச்சவங்க நாங்க. இப்ப சிங்கப்பூர், துபாய், சென்னைன்னு ஆளுக்கு ஒரு திசையில கிடக்கோம். பழைய மாணவர்கள் சேர்ந்து 6 லட்ச ரூபாய் திரட்டியிருக்கோம். கணக்குக்கும் அறிவியலுக்கும் மட்டும்தான் செலவு பண்றதுன்னு முடிவு. ஏன்னா பத்தாவதுல பிள்ளைங்க நல்லாவே பாஸ் ஆகுதுங்க, ஆனா பதினொண்ணுல கணக்கு குரூப்னு சொன்னாலே ஓடுதுங்க.

வாட்ஸ்அப்ல ரெண்டு கட்சி ஆயிப்போச்சு. ஒரு கட்சி ரெண்டு வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கணும்ங்குது. இன்னொரு கட்சி லேப்பைப் புதுப்பிச்சு, தரைக்கு டைல்ஸ் போட்டு, கண்ணாடி அலமாரி வெச்சு, பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வர்றப்ப திறப்பு விழா வெக்கணும்ங்குது. தலைமையாசிரியர் பாவம், "எது செஞ்சாலும் சந்தோஷம்"னு சொல்லிட்டார். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருக்கிறவங்க யாராவது இங்க இருந்தா உண்மையைச் சொல்லுங்க.

புதுவயல்_பாண்டி
ஸ்மார்ட் போர்டு வாங்குங்க அண்ணே. கரண்ட் இருக்கிற நாள்ல பாட்டாவது கேட்கலாம்.

கணக்கு_டீச்சர்
நான் தேவகோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில 6-லேருந்து 10 வரைக்கும் கணக்கு எடுக்கிறேன். தம்பி, போர்டு வேண்டாம். ஹைடெக் லேப்பும் கணினியும் அரசாங்கமே கொடுத்திருக்கு. திரை இல்லாததால எங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு வராமப் போகல.

ஒன்பதாவதுல போய் 1/2 + 1/3 எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. கணிசமான பேர் 2/5ம்பாங்க. எங்கேருந்து வந்தது அந்த 2/5? பிள்ளைக்கு 1/2ங்கிறது ஒரே எண்ணாத் தெரியல. கோட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு தனித்தனி எண். அதனால மேலயும் மேலயும் கூட்டுது, கீழயும் கீழயும் கூட்டுது. அது போக்குல ஒரு நியாயம் இருக்கு. சிவப்பு மையால அடிச்சா அந்த நியாயம் போயிடாது. "அரை லிட்டர் பால் இருக்கு, அதுல இன்னும் கொஞ்சம் ஊத்துறேன். இப்ப அரை லிட்டரைவிடக் குறைஞ்சிருக்குமா?"ன்னு கேட்பேன். 2/5 பாதியைவிடக் குறைவுன்னு தெரிஞ்ச பிள்ளை அந்த இடத்துல நிமிர்ந்து பார்க்கும். அதுவே தெரியாத பிள்ளைக்குப் பேப்பரை மடிச்சுக் காட்டித்தான் ஆகணும். ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரம் எனக்குக் கொடுத்திருக்கிற பாடத்திட்ட அட்டவணையில எங்கேயும் இல்ல.

இப்ப பத்தாவதுக்கு வாங்க. 100 மார்க் பேப்பர், 35 எடுத்தா பாஸ். ஜாமெட்ரி ஒண்ணு 8, கிராஃப் ஒண்ணு 8, ஆக 16. ஒன் மார்க் 14. பாடத்துக்குக் கடைசியில இருக்கிற புக் பேக் ஒன் மார்க்கை உருப்போட வெச்சு, உறவுகளும் சார்புகளும், அணி ரெண்டு பகுதியில ரெண்டு மார்க் கேள்வியை ஓட்ட வெச்சா பிள்ளை கரையேறிடும். மெல்லக் கற்போர் கையேடு முழுக்க இதுதான். நானும் இதைத்தான் செய்யறேன், செய்யாம விட்டா அந்தப் பிள்ளை பெயில் ஆகி அதோட படிப்பு முடிஞ்சிடும். ஆனா என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒத்த பக்கங்களின் விகிதம் 7/3 இருக்கிற மாதிரி வடிவொத்த முக்கோணம் வரையச் சொன்னா அளவு பிசகாம வரைஞ்சு 8 மார்க்கும் வாங்குற பிள்ளைகிட்ட, 7/3 பெருசா 2 பெருசான்னு கேட்டா முழிக்குது. அந்தப் பிள்ளைதான் பதினொண்ணுல கணக்கு குரூப்னா ஓடுது. அது ஓடறது புத்திசாலித்தனம்தான்.

உங்க 6 லட்சத்துல என்ன வாங்கலாம்னு கேட்டா, எனக்கு ஒரு வாரம் வாங்கிக் கொடுங்கன்னுதான் சொல்வேன்.

மேட்ரிக்_அப்பா
டீச்சர் சொல்றது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடப்பைப் பாருங்க. என் பையன் காரைக்குடியில தனியார் பள்ளி. வெளியில உலகம் மார்க்கைத்தான் கேட்குது. புரிஞ்சு படிச்சவனா, உருப்போட்டவனான்னு கட் ஆஃப்ல பிரிச்சா போடறாங்க? கிராமத்துப் பிள்ளைக்கு முதல்ல மார்க் வரட்டும். மார்க் வந்தா காலேஜ் வரும், வேலை வரும். புரிதல் கிரிதல் எல்லாம் சோறு இருக்கிறவன் பேசற பேச்சு. அந்த 6 லட்சத்துல நல்ல டியூஷன் மாஸ்டரா ரெண்டு பேரைப் போட்டுத் தினமும் டெஸ்ட் வெக்கச் சொல்லுங்க.

கணக்கு_டீச்சர்
சார், நான் மார்க்குக்கு எதிரி இல்ல. எங்க பிள்ளைங்களுக்கு மார்க் இன்னும் அதிகமாவே தேவை. ஆனா உருப்போட்டு வர்ற மார்க் எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் பாருங்க. எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்.னு உதவித்தொகைத் தேர்வு இருக்கு. தேறினா ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். அதுல மனத்திறன் பகுதி 90 மார்க், படிப்புத்திறன் பகுதி 90 மார்க். புக் பேக் உருப்போட்டு அதுல தேற முடியாது. ஏழைப் பிள்ளைக்குக் கையில காசாக் கிடைக்கிற பரீட்சையிலயே புரிதல்தான் ஜெயிக்குது.

உங்க தனியார் பள்ளிப் பக்கத்துக் கதையும் எனக்குத் தெரியும். பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தைத் தொடாம நேரே பன்னிரண்டை ரெண்டு வருஷம் நடத்தற வழக்கம் நிறையப் பள்ளிகள்ல இருந்தது. அதை நிறுத்தத்தான் 2017-18ல பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தாங்க. இப்ப 2025ல அதை எடுத்தாச்சு. பழைய பழக்கம் திரும்பி வருமா வராதான்னு நீங்களே சொல்லுங்க.

மேட்ரிக்_அப்பா
வரும். ஏற்கனவே வந்தாச்சு. அதுக்கு மேல பொதுவெளியில நான் எதுவும் சொல்லல.

ரெண்டாம்_கட்டு
எல்லாரும் பத்தாவதையும் பன்னிரண்டையுமே பேசறீங்க. நான் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். ஒருத்தர் பயிற்சிக்குப் போனா அன்னிக்கு அஞ்சும் ஒருத்தர் தலையில. டீச்சர் சொன்ன 2/5 எங்க கிட்டேருந்துதான் வருது, மறுக்கல. கொரோனாவுக்குப் பிறகு 2022ல எண்ணும் எழுத்தும் வந்தது. ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் பிள்ளை எந்த வகுப்புல உட்கார்ந்திருக்குன்னு பார்க்காம, எந்த நிலையில இருக்குன்னு பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு நடத்தறது. யோசனை நல்ல யோசனை. கூடவே வர்ற எமிஸ் பதிவுதான், அதாவது கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு, உயிரை வாங்குது. பிள்ளை 43-லேருந்து 17-ஐக் கழிக்க ரப்பர் பேண்டு கட்டின குச்சிக் கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது நான் செல்போன்ல சிக்னல் தேடிக்கிட்டு இருக்கேன்.

அசர் ஆய்வுன்னு ஒண்ணு, வீடு வீடாப் போய்ப் பிள்ளைகிட்ட ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் கொடுத்துப் பார்ப்பாங்க. மூணு இலக்கத்தை ஒரு இலக்கத்தால வகுக்கிறது. 2022ல நாடு முழுக்க அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுதான் அதைச் செஞ்சது. மத்த மூணும் ஆறாவதுக்கு வந்து விகிதமும் விகித சமமும் படிக்கும்.

காசு இருந்தா எங்க ஊருக்கு ஒரு ஆள் கொடுங்க, பொருள் வேண்டாம். கணித உபகரணப் பெட்டி எங்க பள்ளியிலயே ரெண்டு இருக்கு, பிரிக்கவே நேரமில்ல.

சிக்ரி_ஓய்வு
இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், ஊர்மக்கள் சொல்லும் சிக்ரியில், பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் திறப்பு. தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று ரயில் நிலையமும் பொட்டலுமாக இருந்த ஊருக்கு வந்ததற்கு அந்த ஒரு மனிதரின் பிடிவாதமே காரணம். ஆனால் அதன் மதில் சுவரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் உள்ளே கால் வைத்ததில்லை. செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டிப் பொதுமக்களைப் பார்க்க அனுமதிப்பார்கள். ஜிக்யாசா என்று 2017இல் தொடங்கிய திட்டம் பள்ளி மாணவரை விஞ்ஞானிகளோடு சேர்த்து உட்கார வைப்பதற்கென்றே இருக்கிறது. தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதினால் போதும். இதற்கு உங்கள் 6 லட்சத்தில் வேன் வாடகை மட்டும்தான் செலவு.

லேப் பற்றி. கண்ணாடி அலமாரி போட வேண்டாம். அலமாரி போட்டால் பூட்டு போடுவார்கள். பூட்டு போட்டால் சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் அன்று அலுவலக வேலைக்குப் போயிருப்பார்.

இரும்பு ஆணியை வைத்தே ஒரு பருவம் முழுக்க அறிவியல் நடத்தலாம். ஐந்து சோதனைக்குழாய். ஒன்றில் சாதாரணத் தண்ணீர். ஒன்றில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய் ஒரு படலம். ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு போட்டு இறுக மூடியது. ஒன்றில் உப்புத் தண்ணீர், தொண்டியிலிருந்து யாராவது கடல்தண்ணீர் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஐந்தாவதில் ஆணியோடு ஒரு துண்டு துத்தநாகத் தகடு சுற்றி அதே உப்புத் தண்ணீர். ஒரு வாரம் கழித்து எது துருப்பிடிக்கும் என்று முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதி வாங்காவிட்டால் ஒரு வாரம் கழித்து எல்லாருமே "நான் அப்பவே நினைச்சேன்" என்பார்கள். காற்றும் தண்ணீரும் இரண்டும் வேண்டும், உப்பு வேகப்படுத்தும், துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும் என்பதை ஆசிரியர் சொல்லவே வேண்டியதில்லை. சிக்ரியின் அரிமான (துருப்பிடித்தல்) ஆய்வு நிலையம் கடலோர ஊரான மண்டபத்தில் ஏன் இருக்கிறது, 1914இல் திறந்த பாம்பன் பாலத்துக்கு ஏன் ஓயாமல் வர்ணம் அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். இதற்கான செலவு ஒரு வகுப்புக்குச் சில நூறு ரூபாய்.

இன்ஜினியரிங்_மூணாவது_வருஷம்
ஐயா, நீங்க சொன்னதை எங்களுக்கு யாராவது செஞ்சு காட்டியிருந்தா! நான் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி, இப்ப காரைக்குடியில இன்ஜினியரிங். எங்களுக்கு லேப் திறந்ததே பிராக்டிகல் எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். ரீடிங் எப்படி எழுதுவோம் தெரியுமா? ஆன்சர்லேருந்து ரிவர்ஸ்ல போவோம். தனி ஊசல்ல புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரணும், அப்ப நேரம் எவ்வளவு இருக்கணும்னு கணக்குப் போட்டு எழுதிடுவோம். வகுப்புல 40 பேருக்கும் 9.8. ஒருத்தருக்குக்கூட 9.7 கிடையாது. 😅

காலேஜ்ல மேம் முதல் நாளே கேட்டாங்க, "உன் எர்ரர் எவ்வளவு?"ன்னு. எர்ரரே இல்ல மேம்னு பெருமையா சொன்னேன்.

சிக்ரி_ஓய்வு
அந்த 9.8 தான் இந்த நாட்டின் அறிவியல் கல்வியின் நோய், தங்கச்சி. ஒரு மீட்டர் நூல், 20 அலைவு, ஏறக்குறைய 40 விநாடி. பிள்ளையின் விரல் கடிகாரத்தை அரை விநாடி முன்னே பின்னே அழுத்தத்தான் செய்யும், தொடங்கும்போது ஒரு அரை, முடிக்கும்போது ஒரு அரை. 41 விநாடி என்று எடுத்தால் விடை 9.4 வரும். 39 என்று எடுத்தால் 10.4. நேர்மையாகச் செய்த வகுப்பில் விடைகள் இந்த இரண்டுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும். கரும்பலகையில் எல்லாருடைய விடையையும் எழுதிச் சராசரி எடுத்தால் 9.8க்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். 50 அலைவு எண்ணினால் சிதறல் ஏன் சுருங்குகிறது என்பது அடுத்த நாள் பாடம். புள்ளியியலும் இயற்பியலும் ஒரே நூலில் தொங்குகின்றன. எல்லாரும் 9.8 எழுதிய வகுப்பில் இது எதுவும் நடக்காது.

ஐந்தொகை
நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் கணக்கு வரலைங்கிறதே எனக்கு வேதனை. எங்க ஐயா ரங்கூன் கிட்டங்கியில, அதாவது வட்டிக்கடையில, பெட்டியடிப் பையனாப் போனவுக. பேரேடு, குறிப்பு, நடப்பு வட்டி, ஐந்தொகை எல்லாம் மனசுலேயே போடுவாக. திண்ணைப் பள்ளியில எண்சுவடியை மனப்பாடம் பண்ணின காலம். முந்திரின்னா 1/320, காணின்னா 1/80, மா 1/20, மாகாணி 1/16. பத்து வயசுல இதெல்லாம் நாக்கு நுனியில. இப்பப் பத்தாவது படிச்சவனுக்கு நூத்துக்கு ஒன்றரை வட்டி போடத் தெரியல, கால்குலேட்டரைத் தேடுறான். பழைய எண்சுவடியைக் கொண்டுவாங்க, எல்லாம் தானா சரியாகும்.

பள்ளத்தூர்_ஆச்சி
அண்ணே, உங்க ஐயாவுக்கு வந்தது சரி. உங்க அப்பத்தாவுக்கு வந்துச்சா? எங்க ஆயாவுக்கு யாரும் எண்சுவடி சொல்லிக் கொடுக்கல. வளவுல உட்கார்ந்து பால் கணக்கைச் சுவத்துல கோடு போட்டுத்தான் வெச்சிருந்தாக. அந்தப் படிப்பு குறிப்பிட்ட வீட்டு ஆம்பளைப் பிள்ளைக்குன்னு இருந்தது. படிச்சு முடிச்சா உட்காரக் கிட்டங்கியும் தயாரா இருந்தது. கத்துக்கிட்டதை மறுநாள் பெட்டிக்கு முன்னால உட்கார்ந்து போட்டே ஆகணும், தப்பாப் போட்டா முதலாளி விட மாட்டாக. எண்சுவடியாலதான் வந்ததுன்னு மட்டும் சொல்லாதீங்க.

கணக்கு_டீச்சர்
ஆச்சி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா ஐயா சொன்னதுல எனக்கு ஒரு பாடம் கிடைச்சிருக்கு, விட மனசில்ல. மாகாணியும் மாவும் கூட்டினா எவ்வளவு? 1/16 + 1/20. எங்க பிள்ளைங்க 2/36ம்பாங்க. பழைய கணக்கப்பிள்ளை என்ன பண்ணுவார்? மாகாணிக்கு 5 காணி, மாவுக்கு 4 காணி, ஆக 9 காணி. அதாவது 9/80. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கிறோம்னு அவர் சொல்ல மாட்டார், ஆனா 16-க்கும் 20-க்கும் மீ.பொ.ம. 80, அதைத்தான் காணின்னு தனி அளவா வெச்சிருக்காங்க. இன்னும் நுணுக்கமா வேணும்னா காணியை நாலாப் பிரிச்சா முந்திரி. ரெண்டு பின்னத்தைக் கூட்ட ரெண்டுக்கும் பொதுவான சின்னத் துண்டைத் தேடணும்ங்கிறதுதான் 1/2 + 1/3-ல என் பிள்ளைங்களுக்குப் புரியாத இடம். நாளைக்கே 80 கட்டம் போட்ட தாளை எடுத்துக்கிட்டுப் போறேன். மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டேன் ஐயா, அதுக்கு மட்டும் மன்னிக்கணும்.

ஐந்தொகை
மனப்பாடம் இல்லாம எப்படிம்மா வேகம் வரும்? சரி, நீ நடத்திட்டுச் சொல்லு.

பூக்கல்_வியாபாரி
நான் ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற பூக்கல்லு, அதான் சிமெண்டு டைல்ஸ், போடற பட்டறை வெச்சிருக்கேன். படிச்சது ஒன்பதாவது. ஆனா ஒண்ணு சொல்லுவேன். லீவுல வேலைக்கு உதவிக்கு வர்ற பையங்ககிட்ட, 12 அடிக்கு 10 அடி ரூமு, கல்லு 8 இன்ச்சுக்கு 8 இன்ச்சு, எத்தனை கல்லுன்னு கேட்பேன். பிளஸ் டூ படிக்கிறவன் போன்ல தட்டி 187½ம்பான். எப்படின்னா, 8 இன்ச்சை 0.8 அடின்னு போட்டுருக்கான்! சரியான கணக்கு 18-க்கு 15, ஆக 270. ஓரத்துக்குக் கரைக்கல்லு வேணும்னா அதுல 62 கரை, மூலை நாலும் சேர்த்து. உள்ள 208 பூக்கல்லு. இதை என் பட்டறையில எழுதப் படிக்கத் தெரியாத அம்மா வாயாலேயே சொல்லும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, காசு வேண்டாம். ஒரே அச்சுல போட்ட கல்லை நாலு விதமாத் திருப்பி வெச்சா நாலு கோலம் வரும். அதையும் காட்டுறேன்.

கணக்கு_டீச்சர்
அண்ணே, கட்டாயம் வர்றோம். அந்த 187½ கதையை என் வகுப்புல சொல்லப் போறேன். அரைக் கல்லு வந்தப்பவாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கணுமே!

அறிவியல்_வாத்தியார்
பூக்கல் அண்ணன்கிட்ட ஒரு கேள்வி, பிள்ளைங்களுக்காக. கல்லைப் போட்டு முடிச்சதும் வெயில்ல காயவெப்பீங்களா, தண்ணித் தொட்டியில போடுவீங்களா?

பூக்கல்_வியாபாரி
கொஞ்சம் இறுகவிட்டுத் தொட்டியிலதான் சார் போடணும். நாள்கணக்கா ஊறணும். அப்புறம்தான் வெளியில எடுத்துக் காயவெக்கிறது. வார்க்கிறப்ப அடியில வெச்ச கண்ணாடி தானாப் பிரிஞ்சு வரும். சூளையில சுடறதே கிடையாது.

அறிவியல்_வாத்தியார்
இதுதான் நான் தேடினது. எந்த வகுப்புல கேட்டாலும் சிமெண்டு "காய்ஞ்சு" இறுகுதும்பாங்க. காய்ஞ்சா இறுகுற பொருளை யாராவது தண்ணியில போடுவாங்களா? சிமெண்டு தண்ணியோட வினைபுரிஞ்சுதான் இறுகுது, தண்ணி போயிட்டா அதோட பலமும் பாதியில நின்னுடும். புது வீட்டுச் சுவருக்கு ஏன் தண்ணி அடிக்கிறாங்கன்னு பிள்ளைங்க அப்பத்தான் யோசிக்கும்.

இப்ப நம்ம பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பாருங்க. கானாடுகாத்தான்ல, கோட்டையூர்ல எந்தப் பெரிய வீட்டு முகப்புல போய்த் தடவினாலும் வழவழன்னு இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு. அது இறுகறது வேற வழி. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா கார்பன் டை ஆக்சைடு போயிடும், தண்ணி விட்டு நீத்தா நீத்த சுண்ணாம்பு. அதைச் சுவத்துல பூசினா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல எடுத்துக்கிட்டுத் திரும்பக் கல்லாகுது. சுட்டப்ப விட்டதை சுவத்துல திரும்ப வாங்குது. தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில ஸ்ட்ராவால ஊதினா பால் மாதிரி ஆகுமே, அதே வினைதான் சுவத்துல வருஷக்கணக்கா நடக்குது. தரை தண்ணியால இறுகினது, சுவர் காத்தால இறுகினது, ரெண்டும் ஒரே வீட்டுல. நான் இதைப் பாடத்துல சமன்பாடா எழுதிப் போட்டா நாலு பேர் காப்பி பண்ணுவான். அந்த வீட்டு முகப்புல நிக்க வெச்சுக் கேட்டா நாப்பது பேரும் சுவத்தைத் தொட்டுப் பார்ப்பான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சுண்ணாம்புத் தண்ணியை உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்தான். கண்ணுல தெறிச்சா உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவணும். சுண்ணாம்பை நீத்தற வேலையைப் பிள்ளைங்க கையில கொடுக்கவே கூடாது, கொதிக்கும்.

மேட்ரிக்_அப்பா
இதெல்லாம் பரீட்சைக்கு வருமா சார்?

அறிவியல்_வாத்தியார்
வரும் சார், ரெண்டு மார்க். பத்தாவது அறிவியல்ல 75 தியரி, 25 செய்முறை. அந்த 25-ம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட முழுசாப் போட்டுடறோம். அதனால யாரும் செய்முறை செய்யறதில்ல. மார்க்கைக் கொடுத்து வேலையைப் பிடுங்கிட்டோம்.

வெளியூர்_வாசகன்
தமிழ்நாடு கல்வியில முதலிடம்னு பேசறவங்க ஒரு செய்தியை மறந்துடறாங்க. பல நாட்டுப் பிள்ளைங்க எழுதற பிசா தேர்வின் 2009 சுற்றோட நீட்சியில இந்தியாவிலேருந்து எழுதினது தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டும்தான். பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க, வாசிப்பு, கணிதம், அறிவியல். எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள்ல நாம கடைசி வரிசை, கிர்கிஸ்தானுக்குச் சற்று மேலே. படிச்சதைத் திருப்பி எழுதற கேள்வி அதுல இல்ல, தெரிஞ்சதை வெச்சுப் புதுசா ஒண்ணை யோசிக்கிற கேள்வி. அதுக்கப்புறம் 2018லேருந்து பாடப்புத்தகம் எல்லாம் மாத்தினாங்க, க்யூ.ஆர். கோடு, வண்ணப்படம். புத்தகம் நிஜமாவே நல்லா இருக்கு, ஆனா கனமா இருக்கு. கேள்வித்தாள் மாறாம புத்தகம் மட்டும் மாறி என்ன பயன்? இதுக்கெல்லாம் காரணம் ஆட்சியில...

நெறியாளர்
கட்சி அரசியல், நீட், மொழிக் கொள்கை மூணும் இந்த இழையில வேண்டாம். தனி இழை இருக்கு. மேலே இருந்த ஏழு பதிவுகள் அங்கே நகர்த்தப்பட்டன.

சிங்கைக்காரன்
நாலு நாளா எல்லாத்தையும் படிச்சு வாட்ஸ்அப்லயும் போட்டேன். ஸ்மார்ட் போர்டு கட்சி அமைதியாயிடுச்சு. லேப் கட்சியில ஒரு பெரியவர் மட்டும், "செஞ்சதுக்கு ஒரு அடையாளம் வேணாமா? பேர் எழுதின கல்லு எங்க வெக்கிறது?"ன்னு கேட்கிறார். காப்பர் சல்பேட் டப்பாவுல கல்வெட்டு வெக்க முடியாதேன்னு சொன்னேன், கோவிச்சுக்கிட்டார்.

இப்ப யோசனை இதுதான். மொத்தத்தையும் ஒரே வருஷத்துல செலவழிக்க வேண்டாம். ஊர்ல பி.எஸ்சி. கணிதம் முடிச்சுட்டு வீட்டுல இருக்கிற பொண்ணு ஒருத்தரை மூணு வருஷத்துக்குப் போடறோம், பள்ளி முடிஞ்சு ஒன்றரை மணி நேரம், 6, 7 வகுப்புக்கு மட்டும். பத்தாவது பக்கமே அவங்க போகக் கூடாதுன்னு எழுதியே கொடுக்கப் போறோம். அப்புறம் வருஷாவருஷம் தீர்ந்துபோற பொருளுக்கு ஒரு தொகை. காரைக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் போக வேன். சரியா இருக்கா? சட்டப்படி ஆளைப் போட முடியுமா?

ரெண்டாம்_கட்டு
பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டுத்தான் எதையும் செய்யணும். பணம் கொடுக்க நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி வழி இருக்கு, 2022லேருந்து. ஆசிரியர்னு பேர் போடாதீங்க, தன்னார்வலர்னு போட்டு மதிப்பூதியம் கொடுங்க. 2021ல வந்த இல்லம் தேடிக் கல்வியில அப்படித்தான் நம்ம ஊர்ப் பொண்ணுங்க சாயங்காலம் எடுத்தாங்க. பழகின ஆளே கிடைப்பாங்க. ஆனா அஞ்சாவதை ஏன் விட்டீங்க? பக்கத்துலேயே தொடக்கப் பள்ளி இருக்குமே.

சிங்கைக்காரன்
சரி அக்கா, 5, 6, 7.

கணக்கு_டீச்சர்
வானவில் மன்றத்தையும் சேர்த்துக்கோங்க. 2022 நவம்பர்ல திருச்சியில தொடங்கினது, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள்ல 6-லேருந்து 8 வரைக்கும். கருத்தாளர் வந்து சோதனை செஞ்சு காட்டுவாங்க. அவங்க வந்துட்டுப் போன மறுநாள் பிள்ளைங்க அதையே திரும்பச் செய்ய ஆசைப்படும், அப்பப் பொருள் இருக்காது. உங்க காசு அந்த மறுநாளுக்குத்தான் தேவை.

இன்னொண்ணு. அந்தப் பொண்ணுகிட்ட யாரும் மாசாமாசம் மார்க் ரிப்போர்ட் கேட்காதீங்க. கேட்டா அவங்களும் டெஸ்ட் வெக்க ஆரம்பிச்சிடுவாங்க. பிள்ளைங்க போட்ட தப்பு விடைகளை ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. அதை வாட்ஸ்அப்ல போடுங்க, சுவாரசியமா இருக்கும்.

மேட்ரிக்_அப்பா
மூணு வருஷம் கழிச்சு மார்க் ஏறலைன்னா?

கணக்கு_டீச்சர்
அப்ப வந்து கேளுங்க சார். பதில் சொல்லுவேன்.

சிக்ரி_ஓய்வு
பொருள் பட்டியல் எழுதி அனுப்புகிறேன். ஒரு குறிப்பு: மின்னாற்பகுப்புக்கு 9 வோல்ட் பேட்டரி வாங்க வேண்டாம், ஒரு வகுப்புக்கே தீர்ந்துவிடும். பழைய ரவுட்டர் அடாப்டர், 9 அல்லது 12 வோல்ட், யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் கொடுங்கள்.

புதுவயல்_பாண்டி
எங்க வீட்டுல மூணு கெடக்கு ஐயா. முனையை வெட்டிட்டுக் கொடுக்கவா, அப்படியேவா?

சிக்ரி_ஓய்வு
அப்படியே கொடுங்கள் தம்பி. சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு ஆசிரியர் வெட்டிக்கொள்ளட்டும். எந்தக் கம்பி எதிர்முனை என்று உப்புத் தண்ணீரில் விட்டு, எதில் குமிழி அதிகம் வருகிறது என்று பார்த்துக் கண்டுபிடிப்பது ஏழாம் வகுப்பின் வேலை.

புதுவயல்_பாண்டி
சரிங்க ஐயா. ஞாயித்துக்கிழமை காரைக்குடி வர்றேன், எங்க கொண்டாந்து கொடுக்கணும்னு தனிமடல்ல சொல்லுங்க.